கச்சிமுகம்மதின் கையளவு

ஜனாஸாவைத் தோளில் சுமந்து போகும் சந்தூக்கைப் பள்ளிவாசல் வேனிலிருந்து இறக்கும்போதுதான், அதன் முன் தண்டு றாஸிக்கின் கையோடு கழன்று வந்தது. மற்ற மூன்று மூலைகளிலும் ஆட்கள் இறுகப் பிடித்திருந்ததால் பெட்டி மண்ணில் விழவில்லை. நல்ல காலம், அது வெறும் பெட்டிதான். அதில் ஏற வேண்டியவர் முன் அறையில் குளித்து முடிந்து, கபன் துணிக்குள் ஒரு பரபரப்பும் இல்லாமல் படுத்திருந்தார். அறுபத்து நாலு வருஷத்தில் கச்சிமுகம்மது அவசரப்படாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சுபைறா இதையெல்லாம் பக்க அறை ஜன்னல் சீலையை விரலளவு விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் மவுத்தான கையோடு அவளுக்கு வெள்ளை உடுத்தி, "இனி நாலு மாசமும் பத்து நாளும் இத்தா. அன்னிய ஆம்புளையள்ற கண்ணில படப்படா, உங்கட குரலும் வெளிய கேக்கப்படா" என்று அறைக்குள் இருத்திவிட்டாள் மதினி ஸகியா. ஸகியா இறந்தவரின் மூத்த சகோதரி. வாசலில் தண்டும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்கும் றாஸிக் அவளுடைய மகன். மாமாவின் படகுக் கொட்டிலில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவன்.

விடியற்காலை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி காணாது புள்ள" என்றார். சீனி வருத்தக்காரருக்கு அரைக் கரண்டி என்றால் அரைக் கரண்டிதான் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கோப்பை அவர் மடியில் நேராக இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆள்தான் இல்லை. மற்ற அரைக் கரண்டியையும் போட்டுக் கொடுத்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும் என்று அவளுக்குக் காலையிலிருந்து நெஞ்சு குத்திக்கொண்டே இருந்தது.

வெளியே றாஸிக் தண்டின் கழன்ற முனையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஹாஜியார், இது மாமா ஒட்டின இடமெல்லா?"

"ஓம் மனே" என்றார் பள்ளிவாசல் தலைவர் ஜவாத் ஹாஜியார். "மூணு வருஷத்துக்கு முந்தி தண்டு முறிஞ்சு, கச்சி காக்காதான் ஒட்டித் தந்தார்."

"உள்ளுக்கு இன்னும் பிசுபிசுத்துக் கிடக்கே. பாணி மாதிரி ஒட்டுது."

"அப்ப ஆரோ இடையில கை வச்சிரிக்கான். கச்சிர ஒட்டு கழருமா? அவர்ர கையளவு நமக்குத் தெரியாதா?"

கூடி நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த மீன்பிடிகாரர் வல்லிபுரம், "என்ட போட்டுக்கு அடியில அவர் போட்ட ஒட்டு இன்னும் அசையல்ல. போட் உக்கினாலும் அது உக்காது" என்று சாட்சி சொன்னார்.

சுபைறாவுக்கு மட்டும் மனம் வேறு கணக்குப் போட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தி. மகள் பஸ்லியாவுக்குப் பொத்துவிலில் இரண்டாவது பிள்ளை பிறந்த நேரம். நாற்பது நாள் அவள் அங்கே நின்றாள். அதில் ஒருநாள் மனுஷன் போன் எடுத்து, பள்ளிச் சந்தூக்குத் தண்டு உடைந்து வந்திருக்கிறது, கெதியாக வேண்டுமாம் என்றார். "பொறுங்க, அளவு சொல்றன்" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மையித்து வீட்டில், அதுவும் வெள்ளைப் புடவையோடு. முந்தானையை வாய்க்குள் திணித்துக் குனிந்தாள். தோள் குலுங்கியது. "அழுங்க மதினி, அழுதாத்தான் ஆறும்" என்று ஸகியா முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலில் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கையளவு என்ற அந்தப் பெரிய பெயரின் வண்டவாளம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இன்றிலிருந்து ஒருத்திக்கு.

படகுக்குப் பூசும் பைபர் றெசின் சொன்னபடி கேட்கும் சாமான். அதை இறுக வைக்கும் ஹாட்னரைச் சொட்டுக் கணக்கில் விட வேண்டியதுதான். வெயில் என்றால் நாலு சொட்டைக் குறை. மழை என்றால் நாலு சொட்டைக் கூட்டு. வள்ளக்காரன் தலைமாட்டில் நின்று அவசரப்படுத்தினால் இன்னும் கூட்டு, கெதியாக இறுகிவிடும். கண்மட்டத்தில் செய்கிற அந்த வேலையில் கச்சிமுகம்மது மெய்யாகவே சூரன். கடற்கரையில் பைபர் வேலை செய்கிற எல்லாருடைய கையும் அப்படிப் பழகியதுதான்.

ஏழு வருஷத்துக்கு முந்தி மருமகன் முர்ஷித் பொத்துவிலிலிருந்து, வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்கும் பலகை ஒன்றைத் திருத்துவதற்கு அனுப்பியபோதுதான் வினை பிடித்தது. அந்தப் பலகைக்கு உள்ளே றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக் கட்டி. படகு றெசின் பட்டால் மழையில் நனைந்த சீனி மாதிரி கரைந்துவிடும். எப்பொக்சி என்கிற வேறு ஜாதிப் பசைதான் பூச வேண்டும். கச்சிமுகம்மது எப்பொக்சியை வாங்கி, பழகின கையால், கெதியாகக் காயட்டும் என்று ஹாட்னரைத் தாராளமாக ஊற்றினார். அது ஒரு கிழமையாகியும் காயவில்லை. ஈ ஒட்டியது, கோழி இறகு ஒட்டியது. தவணை கடந்துவிட்டதென்று அப்படியே அனுப்பியதில், பலகையில் குப்புறப் படுத்த வெள்ளைக்காரனின் நெஞ்சு மயிரில் பாதி பலகைக்குப் போய்விட்டதாக முர்ஷித் போன் எடுத்துச் சொன்னான்.

சுபைறா கலியாண வீடுகளுக்குக் கேக் அடித்துக் கொடுக்கிறவள். மாவும் சீனியும் பட்டரும் ஒரு கரண்டி பிசகினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவள். அடுத்த பலகைக்கு அவள் போத்தலை வாங்கி, பேரப்பிள்ளையின் பாணி மருந்து அளக்கும் குட்டிக் கோப்பைகள் இரண்டை எடுத்து, றெசினுக்கு ஒன்று, ஹாட்னருக்கு ஒன்று என்று அளந்து கொடுத்தாள். மறுநாள் பலகை கண்ணாடியாகி நின்றது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கொட்டிலில் ஆள் நிற்கும்போது "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று உள்ளே வருவார். அவள் அளந்து வைப்பாள். இரண்டு கோப்பையையும் சாரனின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு போய், ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகரத்துக்குள் ஊற்றி, திரும்பி நின்று கலக்குவார். "எவ்வளவு காக்கா ஊத்தினீங்க?" என்று யாரும் கேட்டால், "எல்லாம் கையளவுதான்" என்பார். அது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

"ஊரை ஏமாத்திறீங்க" என்பாள்.

"ஊர் ஆர்ர கை எண்டு கேக்கல்லயே. நான் ஏன் சொல்ல?" என்பார்.

இப்போது வெளியே ஜவாத் ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெரிய பள்ளிச் சந்தூக்கும் நற்பிட்டிமுனைக்குப் போயிட்டு, அங்கயும் ஒரு ஜனாஸா. அசர் தொழுகைக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலந்தான் கிடக்கு. வேனிலயே கொண்டு போவம்."

சுபைறா சீலையை இன்னும் ஒரு விரல் விலக்கினாள். ஊரில் யார் மவுத்தானாலும் முதல் தோள் கச்சிமுகம்மதின் தோளாகத்தான் இருக்கும். "என்னையும் தோளிலதான் கொண்டு போகணும். வேனில ஏத்தினா எழும்பி இறங்கிருவன். நான் என்ன மீன் பெட்டியா?" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"வேன் வேணாம் ஹாஜியார்" என்றான் றாஸிக். "கொட்டிலுக்குள்ள கெதியா இறுகிற எப்பொக்சி கிடக்கு. ஹாட்னரை ஒரு மடங்கு கூட்டி ஊத்தினா அரை மணித்தியாலத்தில கல்லு மாதிரி வந்திரும்."

"மாமாவோட நிண்ட கைதானே உனக்கும். செய்."

சுபைறா சீலையை விட்டுவிட்டாள். மாமா செய்த அதே பிழையை றாஸிக் அச்சுப்பிசகாமல் செய்யப் போகிறான். அரை மணித்தியாலத்தில் மேலால் இறுகின மாதிரி இருக்கும், உள்ளே கூழாகத்தான் கிடக்கும். நடுத்தெருவில் தண்டு நழுவும். பெட்டி சாயும். கச்சியின் ஒட்டு கச்சியின் ஜனாஸாவிலேயே கழன்றது என்று கல்முனை முதல் அட்டாளைச்சேனை வரை பத்து வருஷத்துக்குக் கதைப்பார்கள். அவளுக்கு அது பொறுக்காது. ஆனால் வாயைத் திறந்து, அளவு என்னுடையது என்று சொன்னால் அந்த மனுஷனுடைய பெயர் இன்றைக்கே அவரோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும்.

"பஸ்லியா, முர்ஷிதைக் கூப்பிடு. கெதியா."

மகளின் புருஷன் மஹ்ரம், கலியாணம் கட்டத் தடையான உறவு, அவனோடு கதைக்கலாம், ஸகியாவின் சட்டத்திலும் அதற்கு இடமிருந்தது. முர்ஷித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தான்.

"மனே, றாஸிக் கலக்கியிருந்தாக் கொட்டச் சொல்லு. போத்தல் ரெண்டையும் இஞ்ச கொண்டு வா."

"ஏன் மாமி?"

"மாமா எனக்கு ஒரு அளவு சொல்லி வச்சிரிக்கார். அவசர ஒட்டுக்கு இதுதான் அளவு எண்டு. அதை நான் பாத்து ஊத்தித் தாறன். அவர்ர அளவு எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத."

முர்ஷித் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பலகை அனுப்பியவன் அவன். நெஞ்சு மயிர் கதையும் அதற்குப் பிறகு கண்ணாடியாக வந்த பலகையும் அவனுக்குத் தெரியும். நேரே றாஸிக்கிடம் போனான்.

ஸகியா வாயில் கையை வைத்தாள். "இத்தாவில இரிக்கிற பொம்புள கம்பெனி நடத்தப் போறாவாம்!"

"உங்கட தம்பியை வேனில ஏத்தட்டா மதினி?"

ஸகியா கதவடியிலிருந்து விலகி வழிவிட்டாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

போத்தல்கள் வந்தன. பஸ்லியா அடுப்படியிலிருந்து குட்டிக் கோப்பைகளைக் கொண்டுவந்தாள். சுபைறா தையல் மெசினின் மேல்பலகையைத் துடைத்து, கோப்பைகளை அதில் வைத்தாள். கையில் தூக்கிப் பிடித்து ஊற்றினால் அளவு சாயும். முக்காட்டை இறுக்கிக்கொண்டு முழங்காலில் இருந்து, கோப்பையில் உள்ள கோட்டுக்கு நேரே கண்ணை வைத்தாள். றெசின் தேன் மாதிரித் தடித்து இறங்கியது. கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றபோது போத்தலை நிமிர்த்தி, வாயில் தொங்கின சொட்டைத் தானாக விழ விட்டாள். சரியாக வந்தது. ஹாட்னர் இளகினது, ஓடி வரும். அதற்கு ஒரு குச்சியைப் பிடித்து அதன் வழியே இறக்கினாள். இரண்டு கோடும் ஒரே மட்டத்தில் நின்றன.

ஸகியா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு அவள் கையையே பார்த்தாள். ஒரு முறை பார்த்துக் கற்ற கை இல்லை அது என்று பார்க்கிற யாருக்கும் தெரியும்.

"எத்தின வருஷமா?" என்று மெல்லக் கேட்டாள்.

சுபைறா கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழு."

"அல்லாஹ்வே!" ஸகியாவின் வயிறு குலுங்கியது. "நான் ஊரெல்லாம் பெருமை அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சன். என்ட தம்பிர கை, என்ட தம்பிர கை எண்டு..."

"கலக்கினது அவர்தான் மதினி. நான் ஒருநாளும் கலக்கல்ல."

ஸகியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சனியனைக் கொஞ்சம் கூட ஊத்தினாத்தான் என்ன? கறிக்கு உப்பா இது?"

"கூட ஊத்தினா இறுகாது. ஒரு பங்கு றெசினுக்கு ஒரு பங்கு ஹாட்னர். ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சுக்கிட்டாத்தான் கல்லாகும். கூடிப் போனதுக்குச் சோடி கிடைக்கா. அது எத்தின வருஷமானாலும் இறுகாம, ஈரமாவே..."

பஸ்லியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த அறையில் யாரோ யாசீன் ஓதும் சத்தம் மட்டும் கேட்டது. சோடி போய்விட்டது என்பது காலையிலிருந்து எல்லாரும் சொன்னதுதான். சுபைறாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. எழும்பி, இரண்டு கோப்பைகளையும் முர்ஷிதின் கையில் கொடுத்தாள்.

"பழைய பிசினை தின்னர் போட்டு ஒரு பொட்டும் இல்லாமத் துடைக்கணும். மரத்தை அரத்தால தேய்க்கணும். அதுக்குப் பொறகுதான் இதை ஒண்டாச் சேக்கணும். கோப்பைச் சுவரில ஒட்டிக் கிடக்கிறதையும் வழிச்சுப் போடணும், அதுவும் கணக்கில சேர்த்தி. கோடு கோடாத் தெரியிறது போகுமட்டும் கலக்கணும். கலக்கிட்டா நிண்டு கதைக்கப்படா, அஞ்சு நிமிஷந்தான். பூசிச் சேத்து, மேலால நைலோன் கயிறு சுத்தி, அந்தக் கயிறையும் பசையில ஊற விட்டு, வெயிலில வைக்கணும்."

"இவ்வளவும் மாமா சொன்னதா மாமி?"

"ஓம். இவ்வளவும் அவர் சொன்னது."

வெளியே வேலை நடந்தது. நைலோன் கயிறு வல்லிபுரத்தின் வேலை. வலை பொத்துகிற அவருடைய விரல்கள் அதை இடைவெளி இல்லாமல் நெருக்கி நெருக்கிச் சுற்றின. ஹாஜியார் ஒட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, தொட வந்த பிள்ளைகளையும் தொட வந்த பெரியவர்களையும் ஒரே மாதிரி ஏசினார். வெயில் அன்றைக்கு நல்ல மனசோடு காய்ந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து முர்ஷித், கலக்கின தகரத்தின் அடியில் மிஞ்சினதைக் கொண்டுவந்து நீட்டினான். சுபைறா நகத்தால் குத்திப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை.

"தூக்கலாம்" என்றாள்.

அசரோடு தூக்கினார்கள். பெண்கள் சத்தம் வைத்து அழுதார்கள், சுபைறாவும் அழுதாள், அழாமல் இருக்க அவள் என்ன கல்லா? ஆனால் அழுதுகொண்டே சீலையை விலக்கி, முன் தண்டைத்தான் பார்த்தாள். றாஸிக்கின் தோளில் அது இருந்தது. படலையைத் தாண்டும்போது கூட்டம் நெருக்கியதில் பெட்டி ஒரு பக்கம் அழுந்தியது, தண்டு அசையவில்லை. மதில் திருப்பத்தில் மறையுமட்டும் அசையவில்லை. அவர் கேட்டபடியே தோளில் போனார்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பி வர, மஹ்ரிப் தொழுகைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முர்ஷித் கை கால் கழுவிவிட்டு அறை வாசலில் வந்து நின்றான்.

"மாமி, எல்லாம் நல்லபடி முடிஞ்சிது. ஜவாத் ஹாஜியார் மையவாடியில எல்லாருக்கும் சந்தூக்கைக் காட்டிச் சொன்னார். 'பாத்தீங்களா, கச்சிர அளவு. இன்னும் ரெண்டு தலைமுறைக்குக் கிடக்கும். மவுத்தாகியும் தன்ட ஜனாஸாவைத் தானே ஒட்டிட்டுப் போயிட்டார்' எண்டார்."

ஸகியா மூலையில் இருந்து இருமினாள். அது இருமல் இல்லை என்று சுபைறாவுக்குத் தெரியும்.

"ஓம் மனே" என்றாள் சுபைறா. "அவர்ர வேலை எண்டா அப்பிடித்தான்."

முர்ஷித் போகாமல் நின்றான். "றாஸிக் ஒண்டு கேக்கச் சொன்னான். கொட்டிலுக்குள்ள ரெண்டு பலகையும் ஒரு போட்டும் அரைகுறையாக் கிடக்காம். மாமா உங்ககிட்ட வேற அளவுகளும் சொல்லி வச்சிரிக்காரா எண்டு."

"அவன் சிரிச்சுக்கிட்டுக் கேட்டானா, சிரிக்காமக் கேட்டானா?"

"தலையைக் குனிஞ்சிக்கிட்டுக் கேட்டான்."

சுபைறா தையல் மெசினின் மேல்பலகையைக் கையால் தடவித் துடைத்தாள். "நாலு மாசமும் பத்து நாளும் நான் எங்கயும் போகப் போறல்ல. போத்தலை அனுப்பச் சொல்லு. மாமா சொன்ன அளவெல்லாம் ஒவ்வொண்டா ஞாபகம் வரும்."

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. பஸ்லியா கையைப் பிடித்து அவளைக் கிணற்றடிக் குழாய்க்குக் கூட்டிப் போனாள். தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுழூவுக்குக் கையை நீட்டியபோதுதான் சுபைறா கண்டாள்: வலது பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு ஒட்டிக் காய்ந்திருந்தது. அது இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது, வுழூ நிறையாது. மற்ற நகத்தால் சுரண்டினாள். கல்லில் தேய்த்தாள். வரவில்லை. பஸ்லியா உள்ளே ஓடிப் போய் வாப்பாவின் சவர அலகைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கெதியா உம்மா, தொழுகை நேரம் போகுது."

"பொறு புள்ள" என்று சுபைறா நகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சீவத் தொடங்கினாள்.